குளிரிலும் பனியிலும் மட்டும் வரும் பழுது: கார் கமரா, சென்சர் முறைப்பாடு செய்வது எப்படி?

தலவாக்கலையிலிருந்து நானுஓயாவுக்கு ஏறும் வழி. ஜூன் மாதத்துப் பின்னேரம். முன்னால் ஒரு வாகனமும் இல்லாத வளைவில் என் வேகன்ஆர் தானாகவே பிரேக் பிடித்து நின்றது. பின்னால் வந்த கொழுந்து லொறிக்காரர் சுதாரித்துக்கொண்டதால் தப்பித்தேன். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது, பக்கத்தில் ஜப்பான் மொழியில் ஒரு வரி ஓடியது.

அடுத்த வாரம் வாகனத்தை வாங்கிய கார் சேலுக்கே கொண்டுபோனேன். கொழும்புப் பக்கம், உச்சி வெயில். விளக்கு இல்லை. “வண்டியில ஒண்ணுமில்ல தம்பி, மலைப் பனிக்கு அப்படித்தான் இருக்கும்” என்று அனுப்பிவிட்டார்கள். இப்படி மூன்று தடவை போய்வந்தேன். ஒவ்வொரு தடவையும் அரை நாள் பயணம், எண்ணெய்க் காசு, ஒரு நாள் லீவு.

மலையகத்தில் வாகனம் வைத்திருப்பவர்களின் சிக்கல் இதுதான். பழுது இங்கே, குளிரிலும் பனியிலும் வருகிறது. அதைப் பழுது என்று ஒப்புக்கொள்ள வேண்டியவர் கீழே, காய்ந்த தரையில் இருக்கிறார். ஆகவே ஆதாரத்தை நீங்கள் இங்கேயே, பழுது வரும் நேரத்திலேயே உருவாக்க வேண்டும். எப்படி என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள்

வழக்கமாக இதைக் கடைசியில்தான் சொல்வார்கள். நான் முதலில் சொல்கிறேன், ஏனென்றால் நான் கோட்டை விட்ட இடம் இதுதான்.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, ஒரு பொருளின் விற்பனை பற்றிய முறைப்பாட்டை விற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். நான் வாகனம் எடுத்தது பெப்ரவரியில். அந்த நேரம் நம் பக்கம் பகலில் வானம் துப்புரவாக இருக்கும். தென்மேல் பருவமழை மே மாதக் கடைசியில் தொடங்கி, மூடுபனி ரோட்டில் இறங்கியபோது என் மூன்று மாதம் முடிந்துவிட்டது.

ஆகவே வாகனம் வாங்கிய முதல் மாதமே அதைச் சோதித்துப் பாருங்கள். மழைக்காலம் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் விடியற்காலைக் குளிர் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும், சில நாட்களில் புல்லில் உறைபனியும் விழும். ராத்திரி வெளியே நிறுத்தி, காலை ஐந்தரைக்கு எடுத்து, ஹீட்டர் போடாமல் பத்து நிமிஷம் ஓட்டுங்கள். பிறகு நன்றாகத் தண்ணீர் அடித்துக் கழுவி, ஈரத்தோடு இன்னொரு சுற்று போங்கள். ஒளிந்திருக்கும் ஈரப் பழுதுகளில் பல அப்போதே தலைகாட்டும்.

உங்கள் வாகனத்தில் எது எங்கே இருக்கிறது

நம் ரோட்டில் ஓடுவதில் பெரும்பகுதி ஜப்பானிலிருந்து வந்தவை. ஒரே பெயருள்ள வாகனத்திலும் ஆண்டுக்கு ஆண்டு கருவி மாறும். 2017க்கு முந்தைய வேகன்ஆரில் தானியங்கி பிரேக் இருந்தால் அது கண்ணாடிக்குப் பின்னால் உள்ள லேசர் ராடாரை மட்டும் நம்பி, குறைந்த வேகத்தில் வேலை செய்யும். 2017இல் வந்த எம்எச்55எஸ் மாடலில் ஒரு கமராவும் லேசரும் சேர்ந்திருக்கும். 2015 வாக்கில் வந்த ஸ்பேசியா, ஹஸ்லர் சிலவற்றில் இரண்டு கண் போல இரட்டைக் கமரா. 2015 முதல் 2020 வரையிலான அக்சியோ, அக்வா, விட்ஸ் வாகனங்களில் பாதுகாப்புத் தொகுதி இருந்தால் கமராவும் லேசரும் கண்ணாடியின் மேல் நடுவில் இருக்கும். அதே டொயோட்டாவின் பெரிய மாடல்களில் ராடார் முன்பக்கச் சின்னத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். 2020க்கு முந்தைய, ஹொண்டா சென்சிங் உள்ள வெசல், ஃபிட், கிரேஸ் வாகனங்களில் கண்ணாடியில் கமரா, முன் கிரில் பக்கம் ராடார்.

இதைத் தவிர பம்பரில் பொத்தான் போலத் தெரிபவை பார்க்கிங் சென்சர்கள். பக்கவாட்டில் வரும் வாகனத்தைச் சொல்லும் ராடார் பின் பம்பரின் இரு மூலைகளுக்கும் உள்ளே, வெளியே தெரியாமல் இருக்கும். நான்கு சில்லுக்கும் பக்கத்தில் ஒவ்வொரு வேக சென்சர். பிரேக் பிடிக்கும்போது சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் முழுக்க இவற்றை நம்பித்தான் இருக்கிறது.

எது பழுது, எது பழுதில்லை

இதில் தெளிவில்லாமல் முறைப்பாட்டுக்குப் போனால் முதல் கேள்வியிலேயே வெட்டிவிடுவார்கள். வாகனத்தோடு வரும் கைந்நூலிலேயே இந்த வரம்புகளைப் பட்டியல் போட்டிருப்பார்கள்.

கடும் மூடுபனியிலும் அடைமழையிலும் கமரா கொஞ்ச நேரம் தன்னை நிறுத்திக்கொள்வது இயல்பு. பனி விலகியதும் விளக்கு அணைந்தால் அது பழுதில்லை. ரம்பொடை போன்ற கொண்டை ஊசி வளைவுகளில், எதிரே வரும் பஸ்ஸோ ரோட்டோரத் தடுப்போ நேர் முன்னால் இருப்பது போல ராடாருக்குத் தெரியும், அதனால் பீப் அடிக்கும். தோட்டத்து ரோட்டில் குப்பை எரிக்கும் புகை, லொறியின் கரும்புகை, சூடான தார் ரோட்டில் மழை விழுந்து எழும் ஆவி எல்லாம் லேசரை ஏமாற்றலாம். ரோட்டுக் கோட்டைத் தாண்டி விலகினால் எச்சரிக்கும் வசதி பொதுவாக மணிக்கு 50, 60 கிலோமீற்றருக்கு மேலேதான் விழிக்கும். நம் ரோட்டில் அந்த வேகம் எங்கே வருகிறது? அது சத்தம் போடவில்லை என்று முறைப்பாடு எழுத வேண்டாம்.

இன்னொன்று. பஸ் ஸ்டாண்டில் சிடிபி பஸ் “புஸ்ஸ்” என்று காற்று பிரேக்கை விடும்போது உங்கள் பார்க்கிங் சென்சர் கத்தும். அந்தச் சத்தத்தில் சென்சரின் அலைவரிசையும் கலந்திருப்பதுதான் காரணம். நான் முதலில் இதையும் டயரியில் எழுதி வைத்து, பிறகு வெட்டினேன்.

எதைப் பழுது என்று எடுக்கலாம்? வானிலை தெளிந்து, என்ஜினை அணைத்துப் போட்ட பிறகும் விளக்கு நிற்பது. ஒரே இடம் என்றில்லாமல் வெவ்வேறு இடத்தில், வெறும் ரோட்டில் பிரேக் பிடிப்பது. ரிவர்ஸ் கமரா படம் நடுங்குவது, கறுப்பாவது. ஏபிஎஸ் விளக்கு சில நாள் எரிந்து சில நாள் அணைவது. எயார்பேக் விளக்கு எரிந்தால் அதில் யோசிக்கவே வேண்டாம், நேரே கராஜுக்கு. ஏபிஎஸ் விளக்கோடு சிவப்புப் பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் வண்டியை ஓரங்கட்டுங்கள், இறக்கத்தில் தொடர்ந்து ஓட்டாதீர்கள்.

தானாகப் பிரேக் பிடிக்கும் தொல்லை தொடர்ந்தால், சரிசெய்யும் வரைக்கும் அதற்கான பொத்தானை அழுத்திப் பிடித்து நிறுத்தி வைக்கலாம். பெரும்பாலான வாகனங்களில் என்ஜினை மறுபடி போட்டதும் அது தானாக இயங்கத் தொடங்கும், அதனால் ஒவ்வொரு பயணத்துக்கும் அழுத்த வேண்டியிருக்கும்.

துடைத்துவிட்டுப் பேசுங்கள்

கார் சேல்காரர் கேட்கும் முதல் கேள்வி “கண்ணாடியைத் துடைச்சீங்களா?” என்பதுதான். கேட்பது நியாயம்.

ஆயுத பூசைக்கு வாகனத்துக்குச் சந்தனம், குங்குமம் வைக்காத வீடு நம்மிடையே இல்லை. எங்கள் ஐயர் தாராள மனசுக்காரர். முன்பக்கச் சின்னத்தில் கெட்டியாகச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, கண்ணாடியின் மேல் நடுவிலும் ஒரு பட்டை இழுத்துவிட்டார். அது காய்ந்து தோல் போல ஒட்டிக்கொண்டது. கண்ணாடிப் பட்டை இருந்தது சரியாகக் கமராவின் முகத்துக்கு நேரே. பக்கத்து லயத்து அண்ணனின் வாகனத்தில் ராடார் அந்தச் சின்னத்துக்குப் பின்னால்தான், அவருக்கு இரண்டு நாள் விளக்கு எரிந்தது. பொட்டை பொனட்டில் வைக்கச் சொல்லுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. கண்ணாடியில் ஒட்டும் முருகன் ஸ்டிக்கரும், உள்ளே தொங்கும் எலுமிச்சை மிளகாய் மாலையும் கமராவின் பார்வைக்குக் கீழே இருக்கட்டும். பளபளக்கும் உலோக ஸ்டிக்கரைச் சின்னத்தின் மேல் ஒட்டவே வேண்டாம்.

வெளிக் கண்ணாடியை ஈரத்துணியால் துடையுங்கள், வைப்பர் ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். உள்ளே கமரா லென்ஸைத் தொடாதீர்கள், அதன் மூடியைக் கழற்றாதீர்கள். சேர்விஸ் ஸ்டேஷனில் தண்ணீர் அடிக்கும்போது சென்சர்களுக்குக் கிட்ட வைத்து அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏபிஎஸ் சென்சருக்குப் பெரிய எதிரி தோட்டத்து ரோட்டுச் சேறு, வாகனத்தின் அடிப்பக்கத்தை மாதம் ஒருமுறையாவது கழுவ வேண்டும்.

துடைத்தேன், திகதி இன்னது என்று எழுதி வையுங்கள். பிற்பாடு உதவும்.

பழுது வரும் நேரத்துச் சாட்சி

ஒரு சின்னக் கொப்பி வாங்கி டேஷ்போர்டு பெட்டியில் போடுங்கள். என் கொப்பியில் உள்ள ஒரு பதிவு இது:

“ஜூலை 9, செவ்வாய். காலை 6.40. சென்கிளேயர் பார்வையிடம் தாண்டி இரண்டாவது வளைவு. பனி இல்லை, வெயில் இல்லை, ரோடு ஈரம். வேகம் 30 அளவில். முன்னால் வாகனம் இல்லை. பீப், பிரேக் பிடித்தது, மஞ்சள் விளக்கு. ஓடிய தூரம் 61,284. நிறுத்தி அணைத்துப் போட்டும் விளக்கு போகவில்லை. 8.15க்குத் தானாக அணைந்தது. நேற்று இரவு கண்ணாடி துடைத்தது.”

இப்படி ஆறு பதிவு சேர்ந்ததும் எனக்கே ஒன்று புரிந்தது. எல்லாமே குளிர்ந்த காலைகள், எல்லாம் வெயில் ஏறியதும் சரியாகியிருக்கின்றன. உள்ளே எங்கோ ஈரம் படிகிறது. மூன்று தடவை கொழும்பு போயும் கிடைக்காத விடை கொப்பியில் கிடைத்தது.

டேஷ்போர்டைப் படமெடுக்க வேண்டும், ஆனால் ஓட்டிக்கொண்டே போனைத் தூக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர் எடுக்கட்டும், தனியாகப் போனால் ஓரமாக நிறுத்திவிட்டு எடுங்கள். விளக்கும் ஓடிய தூரமும் ஒரே படத்தில் வர வேண்டும். ஜப்பான் எழுத்தில் வரும் செய்தியைப் போனில் படம் பிடித்து மொழிபெயர்த்துப் பாருங்கள். “தற்காலிகமாக நிறுத்தம்” என்பதா, “பழுது, பரிசோதிக்கவும்” என்பதா என்று அதிலேயே தெரியும். டேஷ்கேம் இருந்தால் அன்றைக்கே அந்தத் துண்டை வேறாகச் சேமியுங்கள், இல்லாவிட்டால் பழையதன் மேல் புதியது பதிந்து அழித்துவிடும்.

ஸ்கேன்: அழிக்க விடாதீர்கள்

கராஜில் பாஸ் ஸ்கேனரைக் குத்தியதும் பட்டியல் வரும். உடனே “அழிச்சிடவா அண்ணே, விளக்கு போயிடும்” என்று கேட்பார். கேட்காமலே அழிப்பவர்களும் உண்டு. வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பழுதுக் குறியீடு, அது இப்போது இருக்கிறதா அல்லது முன்பு வந்துபோனதா என்ற நிலை, சில வாகனங்களில் பழுது வந்த நேரத்து வேகம் வரைக்கும் உள்ளே பதிவாகியிருக்கும். அழித்தால் உங்கள் சாட்சியை நீங்களே அழித்தது போல. அதே காரணத்துக்காக, விளக்கு போகட்டும் என்று பெட்டரி வயரைக் கழற்றி மாட்டும் பழைய வைத்தியமும் வேண்டாம்.

கடையில் மலிவாகக் கிடைக்கும், வாகனத்தில் குத்திப் பழுதுக் குறியீடு பார்க்கும் ஓபிடி கருவிகள் பெரும்பாலும் என்ஜின் குறியீடுகளை மட்டும்தான் காட்டும். கமரா, ராடார், ஏபிஎஸ் கணினிகளைப் படிக்கும் ஸ்கேனர் உள்ள இடமாகப் பாருங்கள். திரையைப் படமெடுத்து, சேசி இலக்கத்தோடும் திகதியோடும் அறிக்கையை அச்சில் வாங்குங்கள். முடிந்தால் குளிர்ந்த காலையில், விளக்கு எரியும்போதே ஊருக்குள் ஸ்கேன் பண்ணுங்கள். எனக்கு ஹட்டனில் காலை ஏழரைக்கு ஒரு தம்பி கதவைத் திறந்து இதைச் செய்து கொடுத்தார். என் முறைப்பாட்டின் போக்கை மாற்றியது அந்த ஒரு தாள்தான்.

காரணத்தைத் தேடும் இடங்கள்

முதலில் பெட்டரி. பலவீனமான 12 வோல்ட் பெட்டரி, குளிர்ந்த காலையில் சம்பந்தமில்லாத ஐந்தாறு விளக்குகளை ஒன்றாக எரிய வைக்கும். அதை அளந்து பார்க்காமல் சென்சருக்குக் காசு கொடுக்காதீர்கள். அடுத்தது டயர்: நான்கும் ஒரே அளவா, காற்று சரியா? முன் பம்பருக்குத் திரும்பப் பெயின்ட் அடித்திருந்தால், பூட்டிப் பசையைக் கனமாக அப்பியிருந்தால், உள்ளே இருக்கும் ராடார் குழம்பும். கூடுதலாகப் பூட்டிய இரும்புக் காப்பும் அப்படியே. ரிவர்ஸ் கமராவுக்குப் பெரும்பாலும் வயர்தான் காரணம். டிக்கிக் கதவு திறந்து மூடும் இடத்தில் ரப்பர் குழாய்க்குள் வயர் மடிந்து மடிந்து அறும். கதவை மெல்ல ஆட்டிக்கொண்டே திரையைப் பாருங்கள், படம் வந்து போனால் கமரா வாங்கத் தேவையில்லை.

இப்போது முன் கண்ணாடி. மூலையில் உள்ள சின்ன முத்திரையைப் பாருங்கள். பிறகு கதவுக் கண்ணாடிகளின் முத்திரையைப் பாருங்கள். கதவுகள் நான்கிலும் ஒரே கம்பனிப் பெயர், முன்னால் மட்டும் வேறு பெயர் என்றால் பெரும்பாலும் கண்ணாடி மாற்றியிருப்பார்கள். மாற்றுவது குற்றமில்லை. மாற்றிய பிறகு கமராவைத் திரும்ப அளவுபடுத்தினார்களா, அதாவது அதன் பார்வையைச் சரியான கோணத்துக்கு அமைத்தார்களா என்பதுதான் கேள்வி. என் வாகனத்தில் அளவுபடுத்தவில்லை. கமராவைத் தாங்கும் பிராக்கெட் ஒரு பக்கம் சரிந்து ஒட்டியிருந்தது, கமராவுக்கும் கண்ணாடிக்கும் நடுவே வரும் கவர் சரியாக உட்காராமல் நகம் நுழையும் அளவு இடைவெளி. ராத்திரி ஈரம் அதற்குள் போய்ப் படிந்தது, வெயில் ஏறியதும் காய்ந்தது. கொழும்பில் அது எப்படித் தெரியும்?

ஜப்பான் ஏல அறிக்கை இருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள். ஆர் தரம் என்றால் அடிபட்டுத் திருத்தியது. படத்தில் முன்பகுதியில் இரட்டை எக்ஸ் இருந்தால் அந்தப் பாகம் மாற்றப்பட்டது.

திருப்பி அழைப்பு இருக்கிறதா?

தயாரிப்பாளரே குறையை ஒப்புக்கொண்டு இலவசமாகத் திருத்தித் தருவதை ரீகோல் என்கிறோம். சுசுகி, டொயோட்டா, ஹொண்டா எல்லாவற்றின் ஜப்பான் இணையத்தளங்களிலும் சேசி இலக்கத்தைக் கொடுத்துப் பார்க்கலாம். போனின் மொழிபெயர்ப்பு போதும். வெடித்துச் சிதறும் ஆபத்தால் திருப்பி அழைக்கப்பட்ட டகாட்டா கம்பனி எயார்பேக் விவகாரம் அப்படித்தான் நம் நாட்டு வாகனங்களுக்கும் வந்து சேர்ந்தது. உங்கள் இலக்கம் பட்டியலில் இருந்தால் பக்கத்தை அச்செடுத்து உள்ளூர் முகவரிடம் கேளுங்கள். தனியார் இறக்குமதி என்று சொல்லித் தயங்கலாம், எழுத்தில் பதில் கேளுங்கள்.

கடிதமும் அதற்குப் பிறகும்

யாரிடம் முறைப்பாடு? புது வாகனம் என்றால் முகவர். பாவித்தது என்றால் உங்களுக்கு விற்ற கார் சேல். கண்ணாடி மாற்றிய பிறகு வந்த பழுது என்றால் கண்ணாடி மாற்றிய இடம். காப்புறுதியில் கண்ணாடி மாற்றுகிறீர்கள் என்றால், அளவுபடுத்தும் செலவையும் மதிப்பீட்டிலேயே போடச் சொல்லுங்கள். பிற்பாடு தனியாகக் கேட்டுப் பெறுவது பெரும்பாடு.

போனில் பேசியது காற்றோடு போகும். கடிதம் எழுதுங்கள், பதிவுத் தபாலில் அனுப்புங்கள், வட்ஸ்அப்பிலும் ஒரு பிரதி போடுங்கள். நான் எழுதியதன் சுருக்கம்:

“இன்ன திகதியில் உங்களிடம் வாங்கிய, இன்ன சேசி இலக்கமுள்ள வாகனத்தின் தானியங்கி பிரேக், வெறும் ரோட்டில் ஆறு தடவை பிடித்துள்ளது. திகதி, இடம், படங்கள் இணைப்பில். பழுது இருந்த நேரத்தில் எடுத்த ஸ்கேன் அறிக்கையும் இணைப்பில். முன் கண்ணாடி மாற்றப்பட்ட விடயம் விற்பனையின்போது சொல்லப்படவில்லை. 14 நாட்களுக்குள் கமரா பிராக்கெட்டைச் சரிசெய்து, அளவுபடுத்திய அறிக்கையோடு தரவும். தவறினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிடுவேன்.”

கோபத்தைக் கடிதத்தில் காட்டாதீர்கள். என் முதல் நகலில் இரண்டு பக்கம் கோபம் இருந்தது, மனைவி வாசித்துவிட்டுக் கிழித்தாள்.

பதில் இல்லை என்றால் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து வழி கேட்கலாம், ஆனால் முறைப்பாடு எழுத்தில் போக வேண்டும். மாவட்டச் செயலகத்தில், அதாவது நம் கச்சேரியில், அதன் மாவட்ட அலுவலகத்தை விசாரியுங்கள். தமிழிலேயே எழுதலாம், அது உங்கள் உரிமை. விற்பனைப் பற்றுச்சீட்டு, வாரண்டித் தாள், விளம்பரத்தின் படம், கொப்பியின் பிரதி எல்லாம் சேருங்கள். பற்றுச்சீட்டு தராவிட்டால் கேட்டு வாங்குங்கள், கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. விசாரணையில் குறை நிரூபணமானால் நட்ட ஈடு, மாற்றுப் பொருள் அல்லது பணத்தைத் திருப்பித் தரும்படி உத்தரவிட அதிகாரசபைக்கு அதிகாரம் உண்டு.

என்னைப் போல மூன்று மாதத்தைத் தவறவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது. வக்கீல் தேவையில்லை, ஆனால் இரு தரப்பும் இணங்கினால்தான் முடிவு வரும். ஒரு விடயம்: பழுதைக் காட்டி லீசிங் தவணையை நிறுத்தாதீர்கள். அது வேறு ஒப்பந்தம், வாகனத்தையே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

எனக்கு மத்தியஸ்த சபை வரைக்கும் போக வேண்டி வரவில்லை. கடிதம் போய்ப் பத்தாம் நாள் போன் வந்தது. பேரம் பேசி, செலவில் பாதி அவர்கள், பாதி நான்.

திருத்திய பிறகு

அளவுபடுத்துவது இரண்டு வகை. சமதளத்தில் வாகனத்தை நிறுத்தி, அளந்த தூரத்தில் குறிப் பலகை வைத்துச் செய்வது ஒன்று. கோடு தெளிவாகப் போட்ட ரோட்டில் சீரான வேகத்தில் ஓட்டிச் செய்வது மற்றது. எது தேவை என்பதை மாடல் தீர்மானிக்கும். நம் கராஜ்களில் தரையே சரிவு, கினிகத்தேனைக்கும் ஹட்டனுக்கும் இடையே நேர் ரோடு தேடினால் அடுத்த தேர்தல் வந்துவிடும். அதனால் இந்த ஒரு வேலைக்கு மட்டும் கண்டிக்கோ கொழும்புக்கோ இறங்குவது தப்பில்லை. போகும்போது டயர் காற்று சரியாக இருக்கட்டும், டிக்கியில் உரமூட்டை வேண்டாம்.

முடிந்ததும் அளவுபடுத்தல் வெற்றி என்று காட்டும் தாளைத் திகதியோடு வாங்குங்கள், மீதிக் காசை அதற்குப் பிறகு கொடுங்கள். வீட்டுக்கு வந்து, முன்பு பழுது வந்த அதே வேளையில் அதே ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். நான் ஐந்து காலைகள் சென்கிளேயர் வளைவுக்குப் போனேன். ஐந்தாவது நாள் நல்ல பனி, மஞ்சள் விளக்கு வந்தது. நெஞ்சு திக்கென்றது. தேவோன் பக்கம் பனி விலகியதும் தானாக அணைந்துவிட்டது. கொப்பியில் அதையும் எழுதினேன்: “பழுதில்லை.”